பெய்ஜிங்கிலிருந்து வரவேண்டிய கடிதம்

2023 நவம்பர் 21ஆம் தேதி, சீனாவின் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிக்கொள்ள நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்தது. மறுநாளே விற்பனை முடிந்தது. சுமார் 6,100 கோடி அமெரிக்க டாலர் பெறுமான வியாபாரம். அறிவிப்பு வந்த நாள் 2022 மே 26. இடையில் கிட்டத்தட்ட பதினெட்டு மாதங்கள் ஓடிவிட்டன. இரண்டுமே அமெரிக்காவில் இயங்கும் கம்பெனிகள், வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பூரண சம்மதம். ஆனாலும் கடைசி வாரம் வரை இது நடக்குமா நடக்காதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இதில் பினாங்குக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். பிராட்காமின் தலைவர் ஹாக் டான் பினாங்கில் பிறந்தவர். 1971இல் உதவிச்சம்பளம் பெற்று அமெரிக்காவின் எம்ஐடிக்குப் படிக்கப் போனவர். நம் ஊர்ப் பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு இது போதும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் தலைமை தாங்கும் அந்தக் கம்பெனியின் ஒரு வேர் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டு போனால், கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்குவதற்கு அரசுகள் ஏன் அனுமதி தருகின்றன, ஏன் இழுத்தடிக்கின்றன, அந்த இழுத்தடிப்பில் யார் காத்துக் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும்.

1969இல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. தீர்வை இல்லாத வியாபாரத்தை நம்பியிருந்த தீவு அது. கோலாலம்பூரில் எடுத்த ஒரு முடிவு ஜார்ஜ் டவுனின் கடைத்தெருக்களைக் காலியாக்கியது. வேலையின்மை பெருகியது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கி, நெல் வயலும் தென்னந்தோப்புமாகக் கிடந்த பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலத்தை 1972இல் உருவாக்கினார். முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் ‘எட்டு சாமுராய்கள்’ என்றுதான் சொல்கிறோம்: நேஷனல் செமிகண்டக்டர், இண்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன்.

இந்த எட்டில் எத்தனை பெயர்கள் இன்று அதே வாசலில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஹிட்டாச்சியின் சில்லுப் பிரிவு ரெனெசாஸ் ஆகிவிட்டது. லிட்ரோனிக்ஸ் சீமென்ஸ் கைக்குப் போய், ஓஸ்ராம் ஆகி, இப்போது ஏஎம்எஸ் ஓஸ்ராம். ஏஎம்டி தன் பினாங்கு ஆலையில் 85 விழுக்காட்டை 2016இல் ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றது. நேஷனலின் பினாங்கு ஆலை 1997இல் ஃபேர்சைல்டோடு பிரிந்துபோனது. 2016இல் ஃபேர்சைல்டை ஓன் செமிகண்டக்டர் வாங்கியது.

ஹியூலட் பேக்கார்ட் கதை ஒரு கூட்டுக் குடும்பம் பாகம் பிரித்த கதை. 1999இல் அளவீட்டுக் கருவிகளும் சில்லுகளும் அஜிலென்ட் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போயின. 2005இல் அஜிலென்ட் தன் சில்லுப் பிரிவை 266 கோடி டாலருக்கு கேகேஆர், சில்வர் லேக் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. அதுதான் அவாகோ. அடுத்த ஆண்டு ஹாக் டான் அதன் தலைவரானார். 2016இல் அவாகோ தன்னைவிடப் பிரபலமான பிராட்காமை வாங்கி, அதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அஜிலென்டின் கூட்டுப் பங்கில் இருந்த எல்இடி கம்பெனியான லுமிலெட்ஸ் பிலிப்ஸ் கைக்குப் போனது. அளவீட்டுக் கருவிப் பிரிவு 2014இல் கீசைட் ஆனது. 1972இல் நட்ட ஒரே செடியிலிருந்து இத்தனை கிளைகள். அங்கே முதலில் ஆப்பரேட்டராகச் சேர்ந்த அக்காமார்கள், இருந்த இடத்தை விட்டு அசையாமலே மூன்று நான்கு கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் வயதை எட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் மாறியது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அதை யார் மாற்றுவது என்பது எப்போதும் வேறெங்கோ முடிவானது.

கம்பெனிகள் இணைய அரசு ஏன் சம்மதிக்க வேண்டும்? அமெரிக்கா 1890இல் ஷெர்மன் சட்டத்தைக் கொண்டுவந்தது, எண்ணெயையும் ரயிலையும் ஒரு சிலர் கையில் குவித்துக்கொண்டிருந்த காலத்தில். 1914இல் கிளேட்டன் சட்டம், போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் இணைப்புகளைத் தடுக்க வழிசெய்தது. ஆனால் இணைந்த பிறகு வழக்குப் போட்டுப் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாவாக அரைத்துவிட்டு அரிசியைத் திருப்பிக் கேட்பது மாதிரி. அதனால்தான் 1976இல், பெரிய இணைப்புகளை முன்கூட்டியே அரசிடம் தெரிவித்துக் காத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஐரோப்பா 1989இல் தன் விதியை எழுதியது. அதன் பல் எவ்வளவு கூர்மையானது என்பதை 2001இல் உலகம் பார்த்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஹனிவெல்லை வாங்க அமெரிக்கா சரி என்றது, பிரஸ்ஸல்ஸ் முடியாது என்றது. இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். இணைப்பு நின்றுபோனது.

சீனாவின் ஏகபோகத் தடைச் சட்டம் 2008 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனி எங்கே பதிவானது, ஆலை எங்கே இருக்கிறது என்பது கணக்கே இல்லை. சீனச் சந்தையில் இரண்டு தரப்பும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்றால் அங்கே போய் அனுமதி கேட்டாக வேண்டும். உலகச் சில்லுகளில் பெரும்பங்கு சீனத் தொழிற்சாலைகளுக்குள் போய்த்தான் போனாகவும் கணினியாகவும் வெளிவருகிறது. ஆகவே, பெரிய சில்லுக் கம்பெனி எதுவும் பெய்ஜிங்கைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. சட்டப்படி மூன்று கட்டங்களும் சேர்ந்து 180 நாள். அதற்குள் முடியாவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்று மறுபடி போடச் சொல்வார்கள், நாள் முதலிலிருந்து எண்ணப்படும். 2022 திருத்தத்துக்குப் பிறகு கடிகாரத்தையே நிறுத்திவைக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு வந்துவிட்டது.

பிராட்காம்–விஎம்வேர் விவகாரத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். விஎம்வேர் செய்வது ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரித்து இயக்கும் மென்பொருள். வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று எங்கே சர்வர் அறை இருக்கிறதோ அங்கே அதுவும் இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் கவலை தொழில்நுட்பம் சார்ந்தது. சர்வரையும் சேமிப்பகத்தையும் இணைக்கும் ஒருவகை அட்டையில் பிராட்காமுக்கு ஒரே ஒரு பெரிய போட்டியாளர்தான், மார்வெல். விஎம்வேர் கைக்கு வந்தபின் மார்வெலின் அட்டை அந்த மென்பொருளோடு ஒத்துழைக்காதபடி செய்துவிட்டால்? 2022 டிசம்பரில் ஆழ்ந்த விசாரணையைத் தொடங்கி, பத்து ஆண்டுகளுக்குப் போட்டியாளருக்கும் சமமான வழிவிட வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டு, 2023 ஜூலை 12ஆம் தேதி அனுமதித்தது. பிரிட்டன் ஆகஸ்டில் சரி என்றது. ஆஸ்திரேலியா, பிரேசில், கனடா, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா, தைவான், ஜப்பான், தென்கொரியா என்று ஒவ்வொன்றாக முத்திரை விழுந்தது.

அக்டோபர் 30 என்று நாள் குறித்தார்கள். அக்டோபர் 17ஆம் தேதி அமெரிக்கா, சீனாவுக்கு உயர்ரகச் சில்லுகள் போவதற்கான கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியது. பெய்ஜிங் மௌனமானது. குறித்த நாள் தள்ளிப்போனது. ஒப்பந்தத்தின் கடைசிக் கெடு நவம்பர் 26. நவம்பர் 15ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ அருகே பைடனும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். அன்றிரவு அமெரிக்கத் தொழிலதிபர்கள் ஷிக்குக் கொடுத்த விருந்தில் ஹாக் டானும் இருந்தார். ஆறு நாளில் அனுமதி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. மார்வெல் அட்டையைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கிய ஒன்று, முடியும்போது இரண்டு வல்லரசுகளின் உறவு எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வியாகிவிட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

எல்லாருக்கும் இப்படிக் கூடிவருவதில்லை. குவால்காம் என்எக்ஸ்பியை வாங்க 2016 அக்டோபரில் கைகுலுக்கியது. ஒன்பது இடங்களில் அனுமதி வேண்டும். எட்டு கிடைத்தது. சீனா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அமெரிக்க–சீன வரிப் போர் மூண்ட 2018 ஜூலையில் கெடு முடிந்து, குவால்காம் 200 கோடி டாலர் இழப்பீடு கொடுத்துவிட்டு விலகியது. அதே ஆண்டு மார்ச்சில்தான், அந்தக் குவால்காமையே வாங்கப்போன ஹாக் டானை தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி டிரம்ப் தடுத்தார். இண்டெல் 540 கோடி டாலருக்கு டவர் என்ற இஸ்ரேலியக் கம்பெனியை வாங்குவதாக 2022 பிப்ரவரியில் அறிவித்து, சீன அனுமதி வராததால் 2023 ஆகஸ்டில் 35.3 கோடி டாலர் கொடுத்துக் கைவிட்டது.

பினாங்கில் ஆலை வைத்திருக்கும் லுமிலெட்ஸின் கதை இதற்கு நேர்மாறானது. 2015இல் பிலிப்ஸ் அதன் 80.1 விழுக்காட்டைச் சீனத் தொடர்புள்ள முதலீட்டாளர்களுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க வெளிநாட்டு முதலீட்டுக் குழு ஆட்சேபித்தது. 2016 ஜனவரியில் விற்பனை ரத்து. நெதர்லாந்துக் கம்பெனி, சீன முதலீடு, மலேசியாவில் ஆலை, முட்டுக்கட்டை வாஷிங்டனில். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹிட்டாச்சியின் வட்டுப் பிரிவை 2012 மார்ச்சில் வாங்கியபோது சீனா விதித்த நிபந்தனை இன்னும் விசித்திரம்: வாங்கிக்கொள், ஆனால் இரண்டையும் தனித்தனியாகவே நடத்து. தாலி கட்டிய பிறகும் மூன்றரை ஆண்டுகள் வேறு வேறு வீடு. 2015 அக்டோபரில்தான் அந்தக் கட்டு தளர்ந்தது.

இந்தத் தேதிகளையெல்லாம் பொருளாதாரப் பத்திரிகைகள் பங்குவிலையை வைத்து எழுதும். பங்கு வைத்திருப்பவருக்கு இது ஒரு சூதாட்டம், அனுமதி வருமா வராதா என்று பந்தயம் கட்டிச் சம்பாதிப்பவர்கள் உண்டு. ஆலைக்குள் இருப்பவனுக்கு அது வெறும் காத்திருப்பு. சில்லுத் துறையில் சில ஆண்டுகள் இருந்த எவரும் இதை அறிவார்கள். இணைப்பு அறிவிப்பு வந்த மறுநாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல் வரும்: வழக்கம்போல வேலையைத் தொடருங்கள். அதன்பிறகு புது மெஷின் கேட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’. காலியான இடத்துக்கு ஆள் எடுப்பது நிற்கும். பசியாறும் நேரத்தில் கேன்டீனில் ஒரே பேச்சு. “நம்ம லைனை மூடுவாங்களா?” “தெரியலப்பா, மேல இருந்து ஒண்ணும் வரல.” வீட்டுக்கடன் போட நினைத்தவன் தள்ளிப்போடுவான். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார், “தம்பி, பெரிய படிப்பு படிச்சிருக்கீங்களே, இது எப்ப முடியும்?” என்னிடம் பதில் இல்லை. எங்கள் மேனேஜரிடமும் இல்லை.

அவர்கள் மறைக்கிறார்கள் என்று கோபப்படுவோம். முழுக்க அப்படியும் இல்லை. அனுமதி வரும்வரை இரண்டு கம்பெனிகளும் போட்டியாளர்களாகவே நடந்துகொள்ள வேண்டும் என்கிறது போட்டிச் சட்டம். விலை, வாடிக்கையாளர், திட்டம் எதையும் பகிர்ந்துகொண்டால் அபராதம். எந்த ஆலை மிஞ்சும் என்று அவர்கள் கூடி முடிவெடுத்து நடைமுறைப்படுத்தவும் முடியாது. போட்டியைக் காக்க எழுதிய சட்டம்தான் தொழிலாளிக்கு மௌனமாக வந்து சேர்கிறது.

நம் நாட்டுத் தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது? 1980ஆம் ஆண்டு வேலை நீக்க இழப்பீட்டு விதிகளில், தொழிலின் உரிமை கைமாறும்போது புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வர வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் பெரிய இணைப்புகள் பெரும்பாலும் தாய்க் கம்பெனியின் பங்குகள் கைமாறும் வியாபாரம். பினாங்கில் பதிவான சென்டிரியான் பெர்ஹாட் அப்படியேதான் இருக்கும். சட்டத்தின் கண்ணில் முதலாளி மாறவே இல்லை. மேலும் 2023 முதல் எல்லா ஊழியரும் வேலைச் சட்டத்துக்குள் வந்தாலும், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு அந்த இழப்பீட்டுப் பகுதி பொருந்தாது. அனுபவமுள்ள பொறியியலாளர் பலரும் அந்தக் கோட்டுக்கு வெளியே.

சரி, இணைப்பைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்குச் சட்டம் இருந்ததா? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. கூட்டுச் சதியைத் தடுக்கும் பிரிவு இருந்தது. ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தண்டிக்கும் பிரிவும் இருந்தது. இணைப்புகளைப் பரிசீலிக்கும் பிரிவு இல்லை. விமானத்துறைக்கும் தொலைத்தொடர்புக்கும் தனி ஏற்பாடுகள் உண்டு, மற்றதற்கு இல்லை. இது எங்கே உறுத்தியது என்றால் 2018 மார்ச்சில், கிராப் ஊபரின் தென்கிழக்காசிய வியாபாரத்தை வாங்கியபோது. சிங்கப்பூர் ஆறே மாதத்தில் அதை போட்டியைக் குறைக்கும் இணைப்பு என்று தீர்மானித்து, இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒரு கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் போட்டது. நம் போட்டி ஆணையமான மைசிசியால் இணைப்பைத் தொடவே முடியவில்லை. சுற்றி வளைத்து, ஓட்டுநர்கள் போட்டிக் கம்பெனிகளின் விளம்பரத்தை ஏற்கக்கூடாது என்று கிராப் போட்ட நிபந்தனையைப் பிடித்து, 2019 அக்டோபரில் எட்டு கோடியே 67 லட்சம் ரிங்கிட் அபராதத்தை முன்மொழிந்தது. வாசல் திறந்து கிடக்க, ஜன்னல் வழியே திருடனைத் தேடிய மாதிரி. 2022இல்தான் இணைப்புக் கட்டுப்பாட்டைச் சேர்க்கும் திருத்தம் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதே 2022இல்தான் விஎம்வேர் மனு தலைநகரம் தலைநகரமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் கோலாலம்பூர் இல்லை.

வெளியே முடிவாகும் போட்டி விவகாரம் இந்தத் தீவுக்குப் புதிதுமில்லை. 1897இல் ஐரோப்பியக் கப்பல் கம்பெனிகள் கூடி, சிங்கப்பூர், பினாங்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு ஒரே கட்டணம் வைத்தன. தங்கள் கப்பலில் மட்டுமே சரக்கு ஏற்றுபவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு பிறகு திருப்பித் தரப்படும். வேறு கப்பலைத் தொட்டால் அதுவரை சேர்ந்த பணம் போச்சு. பெரிய வணிக நிறுவனங்கள் சிலவற்றுக்கு ரகசியமாகக் கூடுதல் பங்கு. சிறு வியாபாரிகள் முறையிட்டார்கள். லண்டனில் 1906இல் கப்பல் கூட்டணிகள் பற்றிய அரச ஆணையம் அமர்ந்தது. 1909இல் அதன் பெரும்பான்மை அறிக்கை, இந்த முறையில் தீமைகள் உண்டு என்றாலும் அதை ஒழிக்க வேண்டியதில்லை என்றது. ஈயமும் மிளகும் இங்கிருந்து போனது. தீர்ப்பு அங்கிருந்து வந்தது.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று நாம் காலனி. இன்று உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று அரசே பெருமையோடு சொல்கிறது. அதில் பெரும்பகுதி பினாங்கில். அந்த 13 விழுக்காடு நமக்கு ஏன் ஒரு குரலாக மாறவில்லை? காரணம் எளிது. போட்டிச் சட்டம் வாங்குகிறவனைத்தான் கேட்கிறது, செய்கிறவனைக் கேட்பதில்லை. சீனாவின் பலம் அதன் சந்தை. நம்மிடம் இருப்பது ஆலையும் கைகளும்.

இணைப்புச் சட்டம் கொண்டுவந்தால் முதலீட்டாளர் பயந்து ஓடிவிடுவார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தைப் பார்த்தால் அது பொய் என்று தெரியும். சிங்கப்பூரிலும் தைவானிலும் தென்கொரியாவிலும் சட்டம் இருக்கிறது, சில்லு ஆலையும் இருக்கிறது. இன்னொரு பக்கம், அந்தச் சட்டம் வந்துவிட்டால் பினாங்குத் தொழிலாளி காப்பாற்றப்படுவான் என்று நினைப்பதும் தவறு. அது பயனீட்டாளருக்கான சட்டம். விஎம்வேரை வாங்கிய சில வாரங்களிலேயே, ஒருமுறை வாங்கிச் சொந்தமாக்கும் உரிமங்களை பிராட்காம் நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. செலவு கூடிவிட்டதென்று உலகெங்கும் வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள். அனுமதி கொடுக்கும் இடத்தில் நாம் இருந்திருந்தால், நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காகவும் மருத்துவமனைக்காகவும் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். அதுதான் அந்தச் சட்டத்தின் பயன். குறைந்தபட்ச மரியாதையும் அதுதான்.

தொழிலாளிக்கு வேண்டியது வேறொன்று, அது தொழிலாளர் சட்டத்துக்குள் வர வேண்டும். இன்றைக்கு ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்னால் முதலாளி தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். இணைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. பிரஸ்ஸல்ஸுக்கும் பெய்ஜிங்குக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் மனுப்போடும் ஒரு கம்பெனி, அதில் பினாங்கு ஆலையைப் பற்றி இருப்பதை ஒரு பக்கமாகச் சுருக்கி இங்கே உள்ள தொழிலாளர் இலாகாவிடமும் கொடுக்கச் சொல்வது பெரிய கோரிக்கையா? எப்போது முடியும் என்று அதில் இருக்காது. எத்தனை இடத்தில் அனுமதி பாக்கி, கடைசிக் கெடு எது, கைவிட்டால் என்ன ஆகும் என்பதாவது இருக்கும். பாலம் கடந்து வேலைக்கு வருகிறவர் வீட்டுக்கடனைப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, அந்த ஒரு பக்கமே போதும்.